ஏந்திய கைகள்

சுபுஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வரும் வேளையில், கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தை ஒட்டிய தேநீர்க் கடைகள் விழித்துக்கொண்டிருக்கும். அவற்றுள் ஒன்றில் அமர்ந்து தேநீர் அருந்திவிட்டு வீடு திரும்புவது நம் நெடுநாளைய வழக்கம். கடைக்காரர் இந்து சமயத்தவர். அவர் கடையில் மூன்று பாட்டுகள் ஒலித்த பிறகுதான் வேறு எதுவும் ஒலிக்கும். முதலில் முருகன் பாட்டு. அடுத்து நாகூர் ஹனீபாவின் பாட்டு. மூன்றாவதாக மாதா பாட்டு. "எல்லாச் சாமியும் எழுந்திருச்சாத்தானே பாய் நமக்கு வியாபாரம்" என்று சிரித்துக்கொண்டே அடுப்பைத் தூண்டுவார்.

இரண்டாவது பாட்டு ஒலிக்கும்போது அக்கடையில் நிகழ்வதை நாம் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறோம். கல்வராயன் மலைக்குப் புறப்படவிருக்கும் பேருந்தின் ஓட்டுநர், வாயருகே கொண்டு சென்ற குவளையை அப்படியே பிடித்திருப்பார். கூடையை இறக்கி வைத்துப் பூக்கட்டும் பெண்மணியின் விரல்கள் தாமே மெதுவாகும். மூட்டை சுமக்கும் பெரியவர் துண்டால் முகத்தைத் துடைப்பார். துடைப்பது வியர்வைதானா என்று நாம் உற்று நோக்குவதில்லை. பாட்டு முடிந்ததும் ஒரு பெருமூச்சு. பிறகு சில்லறையை எண்ணத் தொடங்கிவிடுவர். கேட்டது ஒரே பாட்டு. அதைக் கேட்ட சில நிமிடங்களில் அவரவர் எங்கே போய் வந்தனர் என்பதை அவரவரே அறிவர்.

'இறைவனிடம் கையேந்துங்கள்' என்னும் அப்பாட்டைத் தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கவிஞர் அப்துல் சலாம் எழுத, இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனீபா பாடியது. 1925ஆம் ஆண்டு பிறந்து, 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் மறைந்த அப்பெருமகனார், திராவிட இயக்க மேடைகளில் முழங்கியவர். 1961இல் வெளிவந்த 'பாவ மன்னிப்பு' படத்தில் டி.எம். சௌந்தரராஜனோடு இணைந்து பாடியவர். நோன்பு மாதத்து இரவுகளையும் பெருநாள் காலைகளையும் தம் குரலால் நிறைத்தவர். எனினும், அவர் பாடியவற்றுள் இந்த ஒரு பாட்டு நுழைந்த அளவுக்கு வேறொன்று பிற சமயத்தார் இல்லங்களுக்குள் நுழைந்ததில்லை என்றே நாம் கருதுகிறோம்.

அதற்கொரு காரணம் அதன் முதற்சொல். 'இறைவன்' என்பது தமிழர் எவர்க்கும் பொதுவான சொல். மற்றொரு காரணம், என்ன கேட்க வேண்டும் என்பதைப் பாட்டு வரையறுத்துச் சொல்லாமை. கேள் என்கிறது, பொறுமையோடு கேள் என்கிறது, கேட்பவரை அவன் வெறுங்கையாய் அனுப்புவதில்லை என்கிறது. எதை என்பதைக் கேட்பவரிடமே விட்டுவிடுகிறது. ஆகவே நோயாளி அதனுள் நோயை வைக்கிறான். கடன்பட்டவன் கடனை வைக்கிறான். பிள்ளையில்லாதவள் தொட்டிலை வைக்கிறாள்.

ஆனால் இவற்றினும் ஆழமான காரணம் 'கையேந்துதல்' என்னும் சொல்லில் இருக்கிறது. தமிழில் அது இழிவு தொனிக்கும் சொல். "நான் யாரிடமும் கையேந்தியதில்லை" என்று சொல்லித்தான் நம்மவர் நெஞ்சு நிமிர்வர். அத்தகைய சொல்லை எடுத்து, அதை இறைவனுக்கு முன்னே நிறுத்தி, மானமுள்ள செயலாக மாற்றிக் காட்டியது அப்பாட்டு. துஆவுக்காகக் கை உயர்த்தும் நமக்கு அது புதிய செய்தியன்று. ஆயினும், பிறர் திண்ணையில் கைநீட்டி நின்றவனுக்கு அச்சொல் எப்படிக் கேட்கும் என்பதை நாம் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வைத்தவர் ஒரு மலைவாசிப் பெரியவர். அவரைப் பற்றிச் சொல்வதற்கே இக்கட்டுரை. அதற்கு முன்னர் நம் அம்மாவைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும்.

1990ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் ஈராக்கியப் படைகள் குவைத்துக்குள் நுழைந்தபோது நம் அண்ணன் அங்கே ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். அன்று முதல் கடிதம் இல்லை, தகவல் இல்லை. அத்தா வானொலியை விட்டு அகலவில்லை. அம்மாவோ செய்தி கேட்க மறுத்துவிட்டார்கள். "அவங்க சொல்றதைக் கேட்டா என் பிள்ளையைப் பத்திச் சொல்றாப்பலயே இருக்கு" என்பார்கள். அதற்குப் பதிலாக, மாமா சவூதியிலிருந்து கொண்டுவந்த டேப்ரிக்கார்டரில் அந்த ஒரு பாட்டையே போடுவார்கள். அம்மியில் அரைத்துக்கொண்டிருக்கும்போதே பாட்டின் ஏதோ ஓரிடத்தில் கை நின்றுவிடும். மிளகாய் படிந்த இரு கைகளும் மடியிலிருந்து சற்றே உயரும். உதடு அசையும். பிறகு மீண்டும் அரைக்கத் தொடங்குவார்கள். தொழுகைப் பாயில் கேட்ட துஆக்கள் எத்தனையோ. அடுக்களையில், கை கழுவாமல் கேட்ட அந்த துஆதான் நம் கண்ணை விட்டு நீங்கவில்லை.

அந்த ஆண்டு குவைத்திலிருந்தும் ஈராக்கிலிருந்தும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் ஜோர்டான் நாட்டு அம்மான் நகரம் வழியாக வானூர்திகளில் மீட்கப்பட்டனர். அண்ணனும் அப்படித்தான் பம்பாய் வந்து, அங்கிருந்து இரயிலேறி, ஐம்பது நாட்களுக்குப் பின் ஒரு பிற்பகலில் வாசலில் நின்றார். கையில் ஒரு பையும் இல்லை. அத்தனை உழைப்பும் அங்கேயே போயிற்று. "வெறுங்கையா வந்துட்டேம்மா" என்று தலை குனிந்தார். அம்மா அவருடைய இரு கைகளையும் எடுத்துத் தம் முகத்தில் வைத்துக்கொண்டார்கள்.

இத்தோடு அம்மாவின் கதை இனிதே முடிந்தது என்று எண்ணிவிடலாகாது. அதன் பின்னர் நிக்காஹ் வீடுகளில் அப்பாட்டு ஒலித்தால் அம்மா எழுந்து உள்ளறைக்குப் போய்விடுவார்கள். மகன் திரும்பிவிட்டான்; அவனுக்கு மணமும் ஆயிற்று; பேரன் பிறந்தான். ஆயினும் அக்குரல் கேட்டதும் அந்த ஐம்பது நாட்கள் திரும்பி வந்துவிடும். கேட்டது கிடைத்த பின்னும், காத்திருந்த வேதனை பாட்டுக்குள் அப்படியே தங்கிவிட்டது. பாட்டு ஓர் ஆறுதல் என்று பொதுவாகச் சொல்கிறோம். அது ஆறுதலளித்த நாள், ஆறுதல் தேவைப்பட்ட நாளும் அல்லவா?

இனி அத்தாவின் கதைக்கு வருவோம். இது அதற்கு நான்காண்டு முன்னர், 1986ஆம் ஆண்டின் மாசி மாதத்தில் நடந்தது. நமக்கு அப்போது வயது 13.

கள்ளக்குறிச்சியில் அத்தா மலைச்சரக்கு மண்டி வைத்திருந்தார்கள். கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் கடுக்காய், புளி, தேன், சாமை ஆகியவற்றை வாங்கி விற்பது தொழில். கடுக்காய் பெரும்பாலும் வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்குப் போகும். தோலைப் பதப்படுத்தும் துவர்ப்பு அதில் உண்டு. வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன் எனப் பரந்து கிடக்கும் அம்மலையில் வாழும் பழங்குடியினருக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தவர் என்று எண்ணிவிட வேண்டாம், மலையில் வாழ்வதால் வந்த பெயர் அது, பேசுவது தமிழே. நாடு விடுதலையடைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1976ஆம் ஆண்டுவரை, அம்மலை ஜாகீர்தார்களின் ஆளுகையிலேயே இருந்தது என்றால் அம்மக்களின் நிலையை வாசகர்கள் உய்த்துணரலாம். ஜாகீர் போயிற்று, கடன் போகவில்லை.

ஆடி, ஆவணி மாதங்களில் மலையில் கையில் காசிராது. அப்போது அவர்கள் இறங்கி வந்து நம் மண்டித் திண்ணையில் நிற்பார்கள். அத்தா முன்பணம் கொடுப்பார்கள். ஒரு பைசா வட்டி வாங்கியதில்லை. ஐவேளைத் தொழுகையும் ஆண்டுதோறும் ஜகாத்தும் தவறாத அவர்கள், வட்டி தீண்டாத வியாபாரம் என்று பெருமையோடு சொல்லிக்கொள்வதுண்டு. கடுக்காய்ப் பருவம் வந்ததும் கடன் வாங்கியவர் சரக்கை நம்மிடமே கொண்டுவந்தாக வேண்டும். விலையை நாம் சொல்வோம். சந்தையில் ஒரு ரூபாய்க்குப் போவது நம் தராசில் முக்கால் ரூபாய்க்குப் போகும். அதை எவரும் வட்டி என்று சொன்னதில்லை. மண்டி வழக்கம் என்றே சொல்லி வந்தனர்.

அன்று வெள்ளிமலைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஒரு பெரியவர் இரண்டு மூட்டை கடுக்காயோடு வந்திருந்தார். எடை போட்டு முடிந்தது. அத்தா கணக்கெழுதிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் டேப்ரிக்கார்டரில் அப்பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் தூணோரம் குந்தியிருந்து கேட்டார். முடிந்ததும், "பாய், அதை இன்னொரு வாட்டி போடச் சொல்லுங்க" என்றார். நாம் ஓடிச்சென்று நாடாவைத் திருப்பிப் போட்டோம். இரண்டாம் முறையும் கேட்டு முடித்தவர் கேட்டார்:

"யாருகிட்ட கையேந்தச் சொல்றாரு?"

"ஆண்டவன்கிட்டதான், கவுண்டரே."

"மனுசன்கிட்ட ஏந்தக் கூடாதா?"

"கூடாது. அவன் ஒருத்தன்கிட்டதான் ஏந்தணும்" என்றார்கள் அத்தா, எழுதிக்கொண்டே.

பெரியவர் தம் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார். கடுக்காய்க் கறை எளிதில் போகாது, அவை கறுத்திருந்தன. பிறகு, சினமோ ஏளனமோ சிறிதும் இன்றி, உண்மையாகவே ஐயம் கேட்பவர்போலச் சொன்னார்:

"அப்ப நான் பத்து வருசமா உங்க திண்ணையில ஏந்திக்கிட்டு நிக்கறனே பாய், அந்தப் பாவம் யாரு கணக்குல ஏறும்? என் கணக்கா, உங்க கணக்கா?"

அத்தாவின் எழுதுகோல் நின்றது. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. பணத்தை எண்ணிக் கொடுத்தார்கள். பெரியவர் வாங்கி இடுப்பில் முடிந்துகொண்டு, வழக்கம்போல் கும்பிட்டுவிட்டுப் போனார். அன்று மாலை மண்டியில் டேப்ரிக்கார்டர் பாடவில்லை. மறுநாளும் பாடவில்லை. நாடா அறுந்துவிட்டதாக்கும் என்று நாம் எண்ணிக்கொண்டோம்.

அந்த வாரம் ஜும்ஆவுக்குப் பின் அத்தா பள்ளி ஹஜ்ரத்திடம் நீண்ட நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது அருகில் இருந்தும் நமக்குப் பொருள் விளங்கவில்லை; பின்னாளில் விளங்கிற்று. ஹஜ்ரத் இரண்டாகப் பிரித்துச் சொன்னார். இன்ன சரக்கு, இன்ன எடை, இன்ன நாள், இன்ன விலை என்று முன்னரே இருவரும் மனமொப்பிப் பேசி, முழுப் பணத்தையும் அப்போதே கொடுத்துவிட்டால் அது ஸலம் என்னும் முன்கூட்டிய விற்பனை. மார்க்கத்தில் அதற்கு இடமுண்டு. கடனாகக் கொடுத்துவிட்டு, அக்கடனைச் சொல்லிப் பின்னர் விலையைக் குறைத்தால், குறைத்த அந்தக் கால் ரூபாய் கடனால் விளைந்த ஆதாயம். கடனால் விளையும் ஆதாயத்துக்கு மார்க்கத்தில் என்ன பெயர் என்பதை ஹஜ்ரத் சொல்லவில்லை, அத்தாவும் கேட்கவில்லை. இருவருக்கும் தெரிந்த பெயர்தான் அது.

அடுத்த வாரம் அத்தா நம்மையும் அழைத்துக்கொண்டு மலையேறினார்கள். கச்சிராயபாளையம் கடந்து, கோமுகி அணையின் நீர்ப்பரப்பைப் பார்த்தபடி வளைந்து வளைந்து ஏறும் பாதை அது. வெள்ளிமலையில் இறங்கி, ஒற்றையடிப் பாதையில் நெடுநேரம் நடந்தோம். பெரியவர் வீட்டில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கொடுத்தனர். உண்டு முடித்த பின் அத்தா சொன்னார்கள்: "கவுண்டரே, இந்த வருசத்திலேருந்து சந்தை விலை என்னவோ அதான் நம்ம மண்டியிலயும். கடன் தனி, சரக்கு தனி. சரக்கை நீங்க எங்க வேணும்னாலும் போடலாம். கடனை முடிஞ்சப்ப கொடுங்க."

பெரியவர் சிரித்தார். "அடுத்த வருசமும் இதையே சொல்லுங்க பாய், அப்ப நம்பறேன்" என்றார்.

அத்தா அடுத்த ஆண்டும் சொன்னார்கள். அதற்கடுத்த ஆண்டும் சொன்னார்கள். அதன் விலையையும் கொடுத்தார்கள். சக வியாபாரிகள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு பருவத்தில் கைப்பணம் முடங்கி, அக்காவின் நிக்காஹ் ஓராண்டு தள்ளிப் போயிற்று. அண்ணன் குவைத்துக்குப் போனதும் அந்த நெருக்கடியைத் தாங்கத்தான். ஒருமுறை நாம் வாய்விட்டே கேட்டோம், இதெல்லாம் எதற்காக என்று. அத்தா சொன்னார்கள்: "அந்தப் பாட்டை ஏந்துறவனுக்குப் பாடினதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் வாப்பா. ஏந்த வைக்கிறவனுக்கும் சேர்த்துத்தான் பாடியிருக்கார்."

ஒரு பாட்டு, எழுதியவர் எண்ணியிராத இடத்தில் போய்த் தைப்பது நம் மண்ணுக்கு மட்டும் உரிய வியப்பன்று. அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டிலிருந்து கிளைத்து, வீதிக்கும் வானொலிக்கும் வந்த இசையை அங்கே 'சோல்' என்பர். ஆன்மா என்று பொருள். ஓட்டிஸ் ரெட்டிங் என்ற பாடகர் 1965ஆம் ஆண்டில், உழைத்துக் களைத்து வீடு திரும்பும் ஆண்மகன் தன் துணைவியிடம் மரியாதை கோருவதாக ஒரு பாட்டை எழுதிப் பாடினார். இரண்டாண்டு கழித்து, 1967இல், டெட்ராய்ட் நகரப் போதகர் ஒருவரின் மகளான அரீத்தா பிராங்க்ளின் அதே பாட்டை எடுத்துப் பாடினார். கோரிக்கை பெண்ணின் வாயிலிருந்து வந்ததும் பாட்டே வேறாயிற்று. அடுக்களையில் அதைக் கேட்ட பெண்கள் தம் பாட்டு என்றனர். குடியுரிமைக்காகப் போராடிய கறுப்பின மக்கள் தம் பாட்டு என்றனர். மரியாதை என்னும் ஒரு சொல்லை யார் யாரிடம் கேட்கிறார் என்பது மாறியதும், கேட்கப்படுபவர் யார் என்பதும் மாறியது. நம் மண்டித் திண்ணையில் கையேந்துதல் என்னும் சொல்லுக்கு நேர்ந்ததும் அதுவே.

அத்தா 2009ஆம் ஆண்டு வஃபாத்தானார்கள். மண்டி நம் கைக்கு வந்தது. இனி எழுதுவது நமக்குப் பெருமை சேர்ப்பதன்று. ஆயினும் எழுதாமல் விட்டால் மேலே எழுதியவை வெறும் அலங்காரமாகிவிடும்.

மூன்றாண்டுகளுக்குள் நட்டம் வந்தது. கிடங்கில் சரக்கு தேங்கிற்று. வெளியூரில் கொடுத்த பணம் திரும்பவில்லை. பிள்ளைகளின் படிப்புச் செலவு கழுத்தை நெரித்தது. எந்த நாளில் என்று குறிப்பிட்டுச் சொல்ல இயலவில்லை. மெல்ல மெல்லப் பழைய மண்டி வழக்கம் திரும்பி வந்தது. ஆடியில் முன்பணம், பருவத்தில் குறைந்த விலை. காலை தோறும் அதே தேநீர்க் கடையில் அதே பாட்டைக் கேட்டு நெஞ்சுருகி, அங்கிருந்து நேரே மண்டிக்குப் போய்த் தராசைப் பிடித்தோம். நம் நட்டத்தை நினைத்து இறைவனிடம் கையேந்தினோம். நம் திண்ணையில் நின்ற கைகள் நம் கண்ணில் படவில்லை.

2015 ஏப்ரல் 8ஆம் நாள் இரவு ஹனீபா அவர்களின் மறைவுச் செய்தி வந்தது. மறுநாள் மண்டியில் கைப்பேசியில் அப்பாட்டைப் போட்டு வைத்திருந்தோம். கல்லூரியில் பயிலும் தங்கை மகன், இசைக்கருவியோடு பாடுவது கூடாதென்று முகம் சுளித்தான். அவ்விஷயத்தில் மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவனோடு நாம் வாதிடவில்லை. அந்நேரம் புளி மூட்டையோடு வந்தவர், அந்த மலைப் பெரியவரின் மகன். நின்று கேட்டார்.

"எங்கப்பா இதை பாய் வீட்டுப் பாட்டுன்னுதான் சொல்லுவாரு" என்றார். "சாகற வரைக்கும் பெருமையாச் சொல்லுவாரு, அந்தப் பாட்டுக்கப்புறம் நான் யாரு திண்ணையிலயும் கைகட்டி நின்னதில்லேன்னு." சற்று நின்று, மூட்டையைப் பார்த்தபடியே சொன்னார்: "நான்தான் மறுபடியும் வந்து நிக்கறேன்."

குற்றம் சாட்டும் குரலில் அவர் சொல்லவில்லை. தம்மையே நொந்துகொண்டார். அதுதான் தாங்க முடியாததாயிற்று. அன்றே திருந்திவிட்டோம் என்று எழுத ஆசைதான்; உண்மை அதுவன்று. அன்று அவருக்கு மட்டும் முழு விலை கொடுத்தோம். மற்றவர்க்கும் கொடுக்க நமக்கு இன்னும் இரண்டு பருவங்கள் ஆயின. அத்தாவுக்கு ஒரு வாரத்தில் இயன்றது நமக்கு இரண்டாண்டில் இயன்றது. அந்த இரண்டாண்டுக் கணக்கை எவரிடம் கொண்டுபோய்த் தீர்ப்பது? சிலரைத் தேடிச் சென்று குறைத்த தொகையைக் கொடுத்தோம். சிலர் இறந்துவிட்டனர். சிலர் பிழைப்புத் தேடி எங்கோ போய்விட்டனர்.

இன்னொன்றும் சொல்லி முடிப்போம். 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியின் பெயரை நாடே அறிந்தது. கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கோமுகி ஆற்றங்கரையில் சிதைகள் வரிசையாக எரிந்தன. அந்நாட்களில் தேநீர்க் கடையில் எந்தப் பாட்டும் ஒலிக்கவில்லை. ஏழெட்டு நாள் கழித்து ஒரு விடியலில் கடைக்காரர் தயங்கித் தயங்கி மீண்டும் போட்டார். முருகன் பாட்டு முடிந்து, ஹனீபாவின் குரல் எழுந்தது. பூக்கட்டும் பெண்மணி அன்றுதான் மீண்டும் வந்திருந்தார். இறந்தவருள் அவருடைய தம்பியும் ஒருவர்.

"நிறுத்து அண்ணே" என்றார். பாட்டு நின்றது. பிறகு நம் பக்கம் திரும்பி, "ஆஸ்பத்திரி வாசல்ல ராத்திரி பூரா நானும்தான் கையேந்தினேன் பாய்" என்றார்.

கேட்கும் துஆ வீண்போவதில்லை. ஒன்று இங்கே கிடைக்கும், அல்லது மறுமைக்குச் சேமிக்கப்படும், அல்லது அதற்கீடான தீங்கொன்று விலக்கப்படும் என்று நபிமொழியின் கருத்தைச் சிறுவயது முதல் ஓதக் கேட்டிருக்கிறோம். அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அந்த விடியலில், அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே, அதை எடுத்துச் சொல்ல நா எழவில்லை. அவரோடு சிறிது நேரம் அமர்ந்திருந்தோம். அது ஒன்றே நம்மால் இயன்றது.

அவ்வாரங்களில் ஊரில் வேறொரு பேச்சும் பரவியது: எல்லாம் மலையிலிருந்து வந்த வினை, மலைக்காரர்களால் வந்த வினை என்று. காவலர் மலையில் ஊறல் தேடி அழித்தனர். சாராயம் காய்ச்சாதவரும் பேருந்தில் இறங்கினால் பை சோதிக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து அம்மலை மக்களின் வாழ்நிலை பற்றிக் கேள்வி எழுப்பியது: சாலை எங்கே, மருத்துவம் எங்கே, பள்ளி எங்கே என்று. அக்கேள்விகளை நாளிதழில் படித்தபோது, மண்டித் தூணோரம் குந்தியிருந்து தம் கைகளைப் பார்த்த அப்பெரியவரே நீதிமன்றத்தில் நின்று கேட்பதாக நமக்குத் தோன்றியது. கடுக்காய்க்கும் புளிக்கும் உரிய விலை கிடைத்திருந்தால் காய்ச்சப் போயிருக்கமாட்டார்கள் என்று எல்லாரையும் பற்றிச் சொல்ல நாம் துணியவில்லை. ஒரு சிலரேனும் போயிருக்கமாட்டார்கள் என்பது மலையேறிச் சாமைச் சோறு உண்டவர்களுக்குத் தெரியும்.

இரண்டு மாதங்கள் கழித்து ஒருநாள், நாம் எதிர்பாராத வேளையில், அப்பெண்மணியே பூவைக் கட்டிக்கொண்டு கடைக்காரரிடம் சொன்னார்: "அந்த பாய் பாட்டைப் போடு அண்ணே." ஏன் கேட்டார், கேட்டபோது யாரை நினைத்தார், எதற்காக ஏந்தினார் என்று நாம் வினவவில்லை. அம்மாவுக்கு ஐம்பது நாட்கள்; அத்தாவுக்கு ஒரு கேள்வி; நமக்கு இரண்டாண்டுக் கணக்கு. அவருக்குள்ளது அவருக்கும் இறைவனுக்கும் இடையே இருக்கட்டும்.

வாசக நேயர்களே, உங்கள் இல்லங்களிலும் அப்பாட்டு ஒலிக்கும். ஒலிக்கும்போது உங்கள் கைகளும் உயரும். உயர்த்தும் முன், நம் கடையிலோ வீட்டிலோ வயலிலோ நம்மிடம் கைநீட்டி நிற்பவர் எவரேனும் உண்டா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பாட்டை எழுதியவருக்கும் பாடியவருக்கும், அதைக் கேட்டுத் தராசைத் திருத்திக்கொண்ட நம் அத்தாவுக்கும் வல்ல இறைவன் மேலான சுவனபதியை அருள்வானாக. நாம் தீர்க்காமல் விட்ட கணக்குகளை அவன் மன்னிப்பானாக. ஆமீன்.